சேர்த்து வைத்த கணக்கு போதுமா? தம்பதியர் பயிற்சி வகுப்புகள் உண்மையில் எதைச் சாதிக்கின்றன

கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில், தேவநாதசுவாமி கோயிலை ஒட்டிய ஔஷதகிரி மலையில், நல்ல முகூர்த்த நாளென்றால் ஒரே காலையில் நூற்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் நடப்பதுண்டு. பத்திரிகை அடிப்பது, பந்தல் போடுவது, சீர்வரிசைத் தட்டுகளை எண்ணி வைப்பது என்று அந்தக் காலை நேரத்துக்காக இரு குடும்பங்களும் மாதக்கணக்கில் உழைத்திருக்கின்றன. ஆனால் அந்த இருவரும் அடுத்த நாற்பது ஆண்டுகள் ஒருவரோடொருவர் எப்படிப் பேசிக்கொள்ளப் போகிறார்கள், பணத்தைப் பற்றி எப்படி முடிவெடுக்கப் போகிறார்கள், சண்டை வந்தால் அதை எங்கே நிறுத்தப் போகிறார்கள் என்பதற்கு எந்தத் தயாரிப்பும் இருப்பதில்லை. அதெல்லாம் போகப் போகத் தானாக வந்துவிடும் என்பதே நம் பொதுவான நம்பிக்கை. இந்தப் பகுதியில் அதற்கு விதிவிலக்காகச் சொல்லத்தக்கவர்கள் கத்தோலிக்கர்கள். புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டப் பங்குகளில், கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஓலை வாசிப்பதைப் போலவே, மணமக்கள் திருமணத் தயாரிப்புப் பயிற்சிக்குச் சென்று வருவதும் எதிர்பார்க்கப்படுகிறது. மலேசியாவில் முஸ்லிம் மணமக்கள் திருமணத்துக்கு முன் இத்தகைய பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெற வேண்டும் என்ற ஏற்பாடு உண்டு. குடும்பத் தகராறுகள் காவல் நிலையம் வரை வருவதைக் கண்டு, 'எல்லோருக்கும் இப்படியொரு வகுப்பைக் கட்டாயமாக்கினால் என்ன' என்று நம் ஊரிலும் அவ்வப்போது குரல் எழுகிறது.

நல்ல எண்ணத்தில் எழும் குரல்தான். இருந்தாலும், இந்த வகுப்புகள் பலன் தருகின்றனவா, தந்தால் யாருக்கு, எந்த அளவுக்கு என்று பெரும் செலவில் அளந்து பார்த்த ஆய்வுகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றின் முடிவுகளைப் பார்க்காமல் நாம் இதில் இறங்கினால், பிறர் செய்த தவறுகளையே நாமும் திரும்பச் செய்வோம்.

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பிரச்சினை முற்றிய பிறகு ஒரு தம்பதி ஆலோசகரிடம் தனியாகச் சென்று பேசுவது சிகிச்சையைச் சேர்ந்தது. இங்கே நாம் பார்ப்பது, பிரச்சினை முற்றும் முன்பே பல தம்பதிகளை ஒன்றாக உட்காரவைத்து, பாடத்திட்டம் வகுத்து, சில திறன்களைக் கற்றுத்தரும் பயிற்சி. இதன் வேர்கள் பெரும்பாலும் சமய அமைப்புகளில் இருக்கின்றன. அமெரிக்கக் கத்தோலிக்கத் திருச்சபை 1940-களிலேயே திருமணத்துக்கு முந்தைய வகுப்புகளை நடத்தத் தொடங்கிவிட்டது. உளவியலாளர்கள் பின்னர் வந்தார்கள். டென்வர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோவார்ட் மார்க்மேனும் ஸ்காட் ஸ்டான்லியும் வளர்த்தெடுத்த 'ப்ரெப்' என்ற பாடத்திட்டமே இன்று உலகில் மிக அதிகமாக ஆராயப்பட்ட ஒன்று. சியாட்டில் நகரில் ஜான் காட்மேன், தம்பதிகள் வாக்குவாதம் செய்வதைப் படம்பிடித்து நொடி நொடியாக ஆராய்ந்து, ஓயாமல் குறை சொல்வது, இளக்காரமாகப் பேசுவது, எதைச் சொன்னாலும் தற்காத்துக்கொள்வது, பேச்சையே அறுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது என்னும் நான்கு பழக்கங்கள் உறவைக் கெடுக்கின்றன என்றும், அவற்றுள் இளக்காரமே கொடியது என்றும் எழுதினார். இன்றைய வகுப்புகளில் பெரும்பாலானவை இவ்விரண்டு மரபுகளிலிருந்தும் ஏதாவது எடுத்துக்கொண்டவையே.

வகுப்பில் என்னதான் நடக்கும்? எடுத்துக்காட்டுக்காக, நெல்லிக்குப்பத்தில் வாடகை வீட்டில் வசிக்கும் ஒரு தம்பதியை எண்ணிக்கொள்வோம். கணவனின் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீராக ஒரு பவுன் போடுவதாகக் கணவன் அக்காவிடம் சொல்லிவிட்டான். மனைவிக்கு அது நாத்தனார் வாயால்தான் தெரியவருகிறது. வீட்டில் இந்தப் பேச்சு வழக்கமாக, "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று தொடங்கும். "உங்க வீட்டுக்குச் செய்யும்போது நான் கணக்குக் கேட்டேனா?" என்று பதில் வரும். மூன்றாவது வாக்கியத்தில் மனைவியின் தகப்பனார் செய்த சீர் பேச்சுக்குள் வந்துவிடும். நான்காவதில் மாமியாரே வந்துவிடுவார். ப்ரெப் வகுப்பில் இதே சண்டையை வேறு விதமாகப் போடச் சொல்வார்கள். பேசுபவர் கையில் ஓர் அட்டை இருக்கும். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே பேச வேண்டும், தன் மனத்தில் பட்டதை மட்டும், சுருக்கமாகப் பேச வேண்டும். "நீங்க ஒரு பவுன் போடுறேன்னு சொன்னதை அண்ணி ஃபோன்ல சொல்லித்தான் கேட்டேன். வாடகை பாக்கி இருக்கிற மாசம். என்னைக் கலந்துக்காம முடிவு பண்ணினது எனக்கு வருத்தமா இருந்துச்சு" என்று மனைவி சொல்கிறாள். கணவன் உடனே பதில் சொல்லக் கூடாது. கேட்டதைத் தன் வார்த்தைகளில் திருப்பிச் சொல்ல வேண்டும். "சீர் செய்யக் கூடாதுன்னு நீ சொல்லல. உன்னைக் கேட்காம வாக்குக் குடுத்ததுதான் உனக்கு வருத்தம். அப்படித்தானே?" அவள் ஆமென்று சொன்ன பிறகே அட்டை கை மாறும். பவுன் போடுவதா வேண்டாமா என்ற முடிவை அப்போது எடுப்பதில்லை. இருவரும் பேசி முடித்த பிறகு, தனியாக எடுக்கிறார்கள்.

பார்ப்பதற்குச் செயற்கையாகத் தோன்றும் இந்தப் பயிற்சியைப் பலரும் கேலி செய்வதுண்டு. ஆனால் சண்டையின் மூன்றாவது வாக்கியத்தைச் சொல்லவிடாமல் தடுப்பது என்பது சாதாரண விஷயமன்று. இதைப் படித்தவர்கள் வீட்டுக்குப் போய் இதைச் செய்கிறார்களா, செய்தால் உறவு நிலைக்கிறதா என்பதே ஆராய்ச்சியாளர்கள் கேட்ட கேள்வி.

இதற்கு விடை காண்பது தோன்றுவதைவிடக் கடினம். அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் எடுத்த ஒரு கணக்கெடுப்பை ஆராய்ந்து 2006-இல் வெளியான கட்டுரை, திருமணத்துக்கு முன் பயிற்சி பெற்றவர்களிடம் மணமுறிவுக்கான வாய்ப்பு 31 விழுக்காடு குறைவாக இருந்ததாகச் சொன்னது. இன்றுவரை பயிற்சி நிறுவனங்கள் மிகுதியாக எடுத்துக்காட்டும் எண்களில் இதுவும் ஒன்று. ஆனால் தாமாகவே வகுப்பைத் தேடிச் செல்பவர்கள் யார் என்று யோசிக்க வேண்டும். சமயப் பற்று மிக்கவர்கள், திருமணத்தைப் பொறுமையாக அணுகுபவர்கள், இரு வீட்டார் ஆதரவும் உள்ளவர்கள் ஆகியோரே அங்கு அதிகம் செல்வார்கள். வகுப்பே இல்லாவிட்டாலும் அவர்கள் பிரியும் வாய்ப்பு குறைவாகவே இருந்திருக்கும். ஆகவே விரும்பி வந்த தம்பதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பயிற்சி கொடுத்து, மறுபாதிக்குக் கொடுக்காமல், ஆண்டுக்கணக்கில் இரு தரப்பையும் பின்தொடர்வதே நம்பத்தக்க வழி.

இந்த முறையில் முழுமையாகவோ ஓரளவுக்கோ நடந்த நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி, ஆலன் ஹாக்கின்ஸும் அவருடைய குழுவினரும் 2008-இல் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டார்கள். உறவின் தரத்தில் ஏற்பட்ட முன்னேற்றம் புள்ளியியல் அளவையில் 0.30 முதல் 0.36 வரை இருந்தது. பேச்சுத் திறனில் 0.43 முதல் 0.45 வரை. இதை இப்படிப் புரிந்துகொள்ளலாம்: பயிற்சி பெறாத நூறு பேரை உறவின் தரத்தின்படி வரிசையாக நிறுத்தினால், அந்த வரிசையின் நடுவில் நிற்கக்கூடிய ஒருவர் பயிற்சிக்குப் பிறகு, கீழிருந்து எண்ணினால், ஏறத்தாழ 62-ஆவது இடத்துக்கு முன்னேறுகிறார். வாழ்க்கை தலைகீழாக மாறிவிடவில்லை. ஆனால் ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. ஒன்பது மணி நேரத்துக்கும் குறைவான பயிற்சிகளைக் காட்டிலும் ஒன்பது முதல் இருபது மணி நேரம் வரை நீண்ட பயிற்சிகளே கூடுதல் பலன் தந்தன என்பதும் அந்தத் தொகுப்பாய்வில் தெரிந்தது. ஒரே பிற்பகலில் ஒருவர் மேடையேறிச் சொற்பொழிவாற்றி முடிக்கும் நிகழ்ச்சிகளை நடத்துபவர்கள் இந்த ஒரு தகவலையாவது மனத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அதே வட்டத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், திருமணத்துக்கு முந்தைய பயிற்சிகளை மட்டும் தனியாக எடுத்து, வெளியிடப்படாத ஆய்வுகளையும் சேர்த்துக்கொண்டு மீண்டும் கணக்கிட்டார்கள். பேச்சுத் திறன் கூடியது. ஆனால் உறவின் தரம் கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. பலன் காட்டிய ஆய்வுகள் அச்சேறுவதும், பலன் காட்டாதவை அலமாரியிலேயே தங்கிவிடுவதும் எல்லாத் துறைகளிலும் நடப்பதுதான். தம் துறைக்கே பாதகமான முடிவை இந்த ஆய்வாளர்கள் மறைக்காமல் வெளியிட்டதற்காக அவர்களை மதிக்கிறேன்.

உண்மையான சோதனை இதற்குப் பிறகு வந்தது. 2006 பிப்ரவரியில் நிறைவேறிய சட்டமொன்றின் மூலம் அமெரிக்க அரசு, நல்ல திருமண உறவுகளையும் பொறுப்பான தந்தைமையையும் வளர்க்க ஆண்டுக்கு 15 கோடி டாலர் ஒதுக்கியது. அதுவரை ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் படித்த, நடுத்தர வர்க்க வெள்ளையர்களே. ஏழைக் குடும்பங்களுக்கும் இந்தப் பயிற்சி உதவுமா என்று இரண்டு பெரும் ஆய்வுகள் குலுக்கல் முறையில் சோதித்தன. முதலாவது, குழந்தை பிறக்கவிருந்த அல்லது அப்போதுதான் பிறந்திருந்த, திருமணமாகாத 5,000-க்கும் மேற்பட்ட இணைகளை எட்டு இடங்களில் பின்தொடர்ந்தது. எல்லா இடங்களையும் ஒன்றாகப் பார்த்தால், அவர்களுடைய உறவின் தரத்திலும் சரி, சேர்ந்து வாழ்வதிலும் சரி, எந்த மாற்றமும் இல்லை. ஓக்லஹோமா நகரில் மட்டும் நல்ல பலன் தெரிந்தது. பால்டிமோரில் நிலைமை எதிர்மாறாக இருந்தது: பதினைந்து மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, பயிற்சிக்குச் சேர்க்கப்பட்ட இணைகளே அதிகம் பிரிந்திருந்தார்கள், கடுமையான உடல் தாக்குதலுக்கு ஆளானதாகச் சொன்ன பெண்களும் அந்தக் குழுவிலேயே அதிகம். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வேறுபாடு மறைந்துவிட்டது என்பது உண்மை. ஆனாலும், நல்ல எண்ணத்தோடு நடத்தும் வகுப்பு தீங்கே செய்யாது என்ற எண்ணத்தை பால்டிமோர் பொய்யாக்கிவிட்டது.

இரண்டாவது ஆய்வு, குழந்தைகளுள்ள அல்லது குழந்தையை எதிர்பார்த்திருந்த, குறைந்த வருவாயுடைய 6,000-க்கும் மேற்பட்ட திருமணமான தம்பதிகளை எடுத்துக்கொண்டது. ஒரு தம்பதிக்குச் சராசரியாக 9,000 டாலருக்கும் மேல் செலவானது. முப்பது மாதங்களுக்குப் பிறகு வந்த முடிவு, என்னைப் பொறுத்தவரை, இந்தத் துறையின் மிக முக்கியமான முடிவு. தொடர்ந்து சேர்ந்து வாழ்ந்தவர்களின் எண்ணிக்கையில் இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் பயிற்சி பெற்றவர்கள் தங்கள் திருமணத்தில் சற்றுக் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். ஒருவரையொருவர் ஆதரிப்பது கூடியிருந்தது. மனத்தைப் புண்படுத்தும், அச்சுறுத்தும் நடத்தைகள் குறைந்திருந்தன. மாற்றம் சிறியதுதான், ஆனால் முதல் ஆண்டில் தெரிந்தது முப்பதாவது மாதத்திலும் கரையாமல் இருந்தது. அந்நாட்டுப் பத்திரிகைகள் பல இதைத் தோல்வி என்றே எழுதின. மணமுறிவு குறைந்ததா என்ற ஒரே அளவுகோலை வைத்தால் அது தோல்வியே. வீட்டுக்குள் ஒரு பெண்ணின் அன்றாடம் எப்படி இருக்கிறது என்ற அளவுகோலை வைத்தால் அப்படிச் சொல்ல முடியாது.

மணமுறிவையே குறைத்துக் காட்டிய ஆய்வும் ஒன்று உண்டு. அமெரிக்க இராணுவத்தில் பாதிரியார்கள் நடத்திய ப்ரெப் வகுப்பில், ஒரு முகாமைச் சேர்ந்த 476 தம்பதிகளிடையே, ஓராண்டு முடிவில் பயிற்சி பெற்றவர்களில் 2 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 6 விழுக்காட்டினரும் மணமுறிவு பெற்றிருந்தார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் அது ஏறத்தாழ 8-க்கு 15 என்றிருந்தது. இதே பயிற்சி இன்னொரு முகாமில் பலன் காட்டவில்லை. ஒரே பாடத்திட்டத்துக்கே இடத்துக்கு இடம் விளைவு இவ்வளவு மாறுகிறதென்றால், பலனைத் தீர்மானிப்பது பாடத்தாளில் இருப்பது மட்டுமே அன்று என்று ஆகிறது.

அது என்ன என்பதற்கு ஒரு குறிப்பு, 2013-இல் வெளியான ரொனால்ட் ரோக் குழுவினரின் ஆய்வில் கிடைக்கிறது. அவர்கள் 174 புதுமணத் தம்பதிகளை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஒரு குழுவினர் ப்ரெப் கற்றார்கள். இன்னொரு குழுவினர் பரிவையும் ஏற்பையும் வலியுறுத்தும் வேறொரு பயிற்சியைப் பெற்றார்கள். மூன்றாவது குழுவினருக்குத் திறன் எதுவும் கற்றுத்தரப்படவில்லை. ஒரு மாத காலத்தில் திருமண வாழ்வைக் காட்டும் ஐந்து திரைப்படங்களை இருவரும் சேர்ந்து பார்த்து, படத்திலுள்ள தம்பதியைத் தங்களோடு ஒப்பிட்டு, கொடுக்கப்பட்ட கேள்விகளைக்கொண்டு பேசிக்கொண்டார்கள், அவ்வளவுதான். இவை எதுவும் பெறாத நான்காவது குழுவில் 24 விழுக்காட்டினர் பிரிந்திருந்தபோது, இந்த மூன்று குழுக்களிலும் அது 11 விழுக்காடாக இருந்தது. படம் பார்த்தவர்கள் மற்ற இரு குழுவினரைவிடப் பின்தங்கவில்லை. சிறிய ஆய்வு என்பதால் இதை வைத்துப் பெரிய கோட்டை கட்டிவிடக் கூடாது. ஆயினும், நிபுணர் கற்றுத்தரும் நுட்பத்தைவிட, இருவரும் உட்கார்ந்து தங்கள் வாழ்க்கையைத் தாங்களே நிதானமாகத் திரும்பிப் பார்ப்பதில்தான் மருந்து இருக்கிறதோ என்று இது எண்ணவைக்கிறது.

பேச்சுத் திறனை மையமாக வைத்த அணுகுமுறைக்கு இன்னும் பெரிய சவால் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வந்தது. தாமஸ் பிராட்பரி, பெஞ்சமின் கார்னி ஆகியோரின் குழு, குறைந்த வருவாயுடைய 431 புதுமணத் தம்பதிகளை மூன்று ஆண்டுகள் கவனித்தது. நன்றாகப் பேசிக்கொள்வதால் மணவாழ்வில் நிறைவு வருகிறதா, அல்லது நிறைவு இருப்பதால்தான் நன்றாகப் பேசிக்கொள்கிறார்களா என்று பார்த்தபோது, இரண்டாவதற்கே கூடுதல் சான்று கிடைத்தது. நிலையற்ற வேலை, கடன், தூக்கமின்மை, வாடகை ஆகியவற்றின் அழுத்தம் இருக்கும்போது எவ்வளவு நல்ல பேச்சுத் திறனும் கைகொடுப்பதில்லை என்பதே இவர்கள் தொடர்ந்து வலியுறுத்திவரும் கருத்து.

இதைப் படிக்கும் கடலூர்க்காரர் எவருக்கும் தேவனாம்பட்டினமும் கடலூர் முதுநகர்த் துறைமுகமும் நினைவுக்கு வரும். ஏப்ரல் 15-இல் தொடங்கி 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த இரண்டு மாதங்களும் வருமானம் நின்றுபோய், குழுக் கடன் தவணை மட்டும் வாரந்தோறும் வந்து நிற்கும் வீட்டில் எழும் சண்டையும், மாதச் சம்பளம் வரும் வீட்டில் எழும் சண்டையும் ஒன்றல்ல. பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் காடுகளை 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் சாய்த்துப் போட்டபோது, மரங்கள் மீண்டும் காய்க்கும்வரை குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. இதோடு மதுவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடலூரிலிருந்து ஆற்றைக் கடந்தால் புதுவை எல்லை. அங்கே மது மலிவு. குடித்துவிட்டு வருபவரிடம் பேசுபவர்-கேட்பவர் அட்டையை நீட்ட முடியாது. இங்கே நடத்தும் எந்தத் தம்பதியர் வகுப்பும் குடியையும் கடனையும் பாடத்தின் நடுவில் வைக்காவிட்டால், அது வேறு ஊருக்காக எழுதிய வகுப்பாகவே இருக்கும்.

காலத்தைப் பற்றிய கேள்வியும் உண்டு. மேலை நாட்டில் திருமணத்துக்கு முந்தைய வகுப்புக்கு வருபவர்கள் பெரும்பாலும் பழகி, சில சண்டைகளையும் போட்டுப் பார்த்தவர்கள். நிச்சயதார்த்தத்துக்கும் முகூர்த்தத்துக்கும் இடையில் ஃபோனில் மட்டும் பேசிக்கொள்ளும் நம் இணைகள், ஒரு வகுப்பில் 'உங்களுக்குள் எதில் கருத்து வேறுபாடு' என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? ஒன்றுமில்லை என்பார்கள், உண்மையாகவே. என் கருத்தில், நமக்கான சரியான வேளை திருமணத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்க் கொண்டுவந்துவிட்டு, தலை தீபாவளியும் முடிந்திருக்கும்போது, சீர் பற்றிய முதல் மனத்தாங்கலும், சம்பளம் யார் கைக்குப் போகிறது என்ற முதல் பேச்சும் நடந்திருக்கும். பாடத்துக்குத் தேவையான கணக்குகள் அப்போதுதான் இருவர் கையிலும் இருக்கும்.

முதல் குழந்தை பிறக்கும் காலத்தில் உறவின் நிறைவு சரிகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெரியவந்திருப்பதால், அந்த வேளையில் பயிற்சி கொடுப்பது இத்துறையில் நிலைபெற்ற வழக்கம். கலிபோர்னியாவின் பெர்க்லியில் பிலிப் கோவனும் கரோலின் கோவனும் இதற்கு வழிகாட்டினார்கள். ஆனால் அவர்களுடைய தம்பதிகள் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் ஒரே வீட்டில் இருந்தவர்கள். இங்கே வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போகிறாள். குழந்தை பிறந்து சில மாதங்கள் கழித்தே திரும்புகிறாள். அந்த இடைவெளியில் அவளுக்கு ஓய்வும் அம்மாவின் பராமரிப்பும் கிடைக்கின்றன என்பது பெரிய நன்மை. கணவன், பச்சைக் குழந்தையோடு ஓர் இரவு விழித்திருப்பது எப்படி என்று தெரிந்துகொள்ளாமலே தகப்பனாகிவிடுகிறான் என்பதும் உண்மை. தமிழ்நாட்டில் அங்கன்வாடிகள் வழியாக அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பு விழாவுக்கு எத்தனை கணவர்கள் வந்து உட்காருகிறார்கள்? தட்டில் வளையலும் மஞ்சளும் குங்குமமும் இருக்கின்றன. கலந்த சாதம் இருக்கிறது. சத்துணவு பற்றிய பேச்சும் உண்டு. அதே நாளில் கணவர்களுக்கென ஒரு மணி நேரம் ஒதுக்கினால், புதிதாக மண்டபம் தேட வேண்டியதில்லை.

மாமியாரைப் பற்றிச் சொல்லாமல் நம் ஊர்த் திருமணத்தைப் பற்றிப் பேச முடியாது. மேலை நாட்டுப் பாடத்திட்டங்கள் இருவர் மட்டுமே உள்ள வீட்டை எண்ணி எழுதியவை. பெங்களூரில் 'தில் மில்' என்ற பெயரில் நடந்த ஆய்வு, கருவுற்ற மருமகளையும் மாமியாரையும் சேர்த்தே பயிற்சிக்கு அழைத்தது. 140 இணைகள் அதில் பங்கேற்றன. மருமகள் மீதான வன்முறையைத் தடுப்பதில் மாமியாருக்கு ஒரு பங்கு உண்டு என்று எண்ணிப் பார்த்ததே இந்தியச் சூழலை அறிந்தவர்களின் யோசனை. மாமனை மணந்தவர்கள், அத்தை மகனை மணந்தவர்கள் இன்னும் கணிசமாக உள்ள நம் மாவட்டத்தில், தம்பதிக்குள் வரும் சண்டை அப்படியே அக்கா தம்பிச் சண்டையாகவும் ஆகிவிடும் என்பதால், இந்த யோசனைக்கு இங்கே இரட்டிப்புத் தேவை இருக்கிறது.

இனி, இந்தக் கட்டுரையில் நான் மிகவும் கவலைப்படும் செய்திக்கு வருகிறேன். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019-21, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, திருமணமான பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு எப்போதாவது ஆளானவர்கள் என்று காட்டியது. அப்படியென்றால், இருபது தம்பதிகளை அழைத்து ஒரு வகுப்பு நடத்தினால், ஏழெட்டு வீடுகளிலாவது அடி விழுந்திருக்க வாய்ப்புண்டு. கணவன் பக்கத்தில் அமர்ந்திருக்க, 'உங்கள் வருத்தத்தைச் சொல்லுங்கள்' என்று அந்தப் பெண்ணிடம் அட்டையைக் கொடுப்பது பாதுகாப்பானதா? வகுப்பில் வாய் திறந்ததற்கு அன்றிரவு வீட்டில் பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான். பயிற்சி தொடங்கும் முன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசி, அச்சமுள்ள பெண்ணை 181 உதவி எண்ணுக்கோ பாதுகாப்பு அலுவலரிடமோ கொண்டு சேர்க்கும் ஏற்பாடு இல்லாத வகுப்பை நடத்தாமல் இருப்பதே மேல். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2006-இல் வந்த விதிகள், ஆலோசனையின்போது தன் வன்முறைக்கு நியாயம் கற்பிக்க எதிர்த்தரப்பை அனுமதிக்கக் கூடாது என்கின்றன. 'அவன் ஏன் அடித்தான் என்று யோசித்தாயா' என்று கேட்கும் சமரசப் பேச்சுகள் அந்த விதிக்கு நேர் எதிரானவை.

வன்முறையைக் குறைப்பதையே இலக்காக வைத்து எழுதிய தம்பதியர் பயிற்சிகள் நல்ல பலன் தந்திருக்கின்றன. ருவாண்டாவில் 'பந்தெபெரெஹோ' என்ற திட்டம், இளம் தகப்பன்மார்களையும் அவர்களுடைய மனைவியரையும் சிறு குழுக்களாகக் கூட்டி, குழந்தை வளர்ப்பு, வீட்டு வேலை, பணம், குடி, வன்முறை ஆகியவற்றைப் பற்றிப் பல வாரங்கள் பேசவைத்தது. குலுக்கல் முறையில் நடந்த ஆய்வில், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, பயிற்சி பெற்ற குடும்பங்களில் பெண்கள் மீதான உடல் வன்முறை மற்றக் குடும்பங்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் பலன் நீடித்தது. நம் நாட்டிலேயே, மகாராஷ்டிரத்தின் கிராமப்புறங்களில் 1,081 தம்பதிகளிடையே நடந்த 'சார்ம்' ஆய்வில், கிராமத்து ஆண் மருத்துவப் பணியாளர்கள் கணவர்களைச் சந்தித்துக் குடும்பக் கட்டுப்பாடு, மனைவியின் மரியாதை ஆகியவை பற்றிப் பேசினார்கள். கருத்தடை பற்றித் தம்பதிகள் பேசிக்கொள்வதும், பாலியல் வன்முறையை ஏற்கும் ஆண்களின் மனப்போக்கும் நல்ல திசையில் மாறின. அமெரிக்கத் திட்டங்களைவிட இவையே நமக்கு நெருங்கியவை. இவை இரண்டிலும் பாடம் கணவனிடமிருந்து தொடங்குகிறது.

இந்த இடத்தில், நம் ஊரில் வெற்றியை எப்படி எண்ணுகிறோம் என்று பார்க்க வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்திலும், 1992 முதல் தமிழ்நாட்டில் இயங்கிவரும் மகளிர் காவல் நிலையங்களில் நடக்கும் பேச்சுவார்த்தைகளிலும், குடும்ப நல நீதிமன்றத்தின் சமரச முயற்சியிலும், 'இத்தனை பேரைச் சேர்த்து வைத்தோம்' என்பதே பெருமையாகச் சொல்லப்படும் எண். சமரசத்துக்கு முயல்வது 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின்படி நீதிமன்றத்தின் கடமையே, அதைக் குறைசொல்லவில்லை. ஆனால் நாம் மேலே பார்த்த இரண்டு பெரும் ஆய்வுகளும் சொல்வது, பயிற்சியால் மிகக் குறைவாக மாறுவது சேர்ந்திருத்தல் என்பதைத்தான். பிரிவதற்குச் சமூகம் விடாத நம் ஊரில், சேர்ந்திருப்பதைக் கணக்கெடுப்பதில் பொருளே இல்லை. பயிற்சி இல்லாவிட்டாலும் பெரும்பாலோர் சேர்ந்தேதான் இருப்பார்கள். அப்படிச் சேர்ந்திருக்கும் வீட்டில் இளக்காரம் குறைந்ததா, அடி நின்றதா, பணம் பற்றி இருவரும் கலந்து பேசுகிறார்களா, அவள் தூங்குகிறாளா என்பதைத்தான் அளக்க வேண்டும். அந்த அளவுகோலில் இந்தப் பயிற்சிகளுக்குச் சிறிய, ஆனால் உண்மையான பலன் இருக்கிறது. அந்தச் சிறிய பலனுக்காகவே இவை நடத்தத் தகுந்தவை என்று நான் நம்புகிறேன். சில வீடுகளில் பிரிந்து போவதே நல்ல முடிவு என்று ஒரு பெண்ணுக்கு இந்த வகுப்பு புரியவைத்தால், அதையும் தோல்விக் கணக்கில் எழுதக் கூடாது.

கட்டாயச் சான்றிதழ் என்ற யோசனையை ஆதரிக்க முடியவில்லை. வராதவர்களை வரவழைக்கலாம், கேட்கவைக்க முடியாது. சான்றிதழ் விலைக்குக் கிடைக்கும் நாளும் வெகுதூரத்தில் இருக்காது. மாறாக, பங்குக் கோயில்களில் ஏற்கெனவே நடக்கும் பயிற்சியின் தொடர்ச்சியாகத் திருமணமாகி ஆறாவது மாதத்தில் அதே இணைகளை மீண்டும் அழைக்கலாம். இந்து சமய அறநிலையத் துறை நடத்திவைக்கும் இலவசத் திருமணங்களில் சேரும் தம்பதிகளுக்குத் தீபாவளிக்குப் பிந்தைய மூன்று நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இத்தகைய அமர்வுகளை வழங்கலாம். மீன்பிடித் தடைக்காலம் வருமானமில்லாத காலமென்றாலும் ஆண்கள் கரையில் இருக்கும் காலம். தேவனாம்பட்டினத்திலோ புதுவையின் வீராம்பட்டினத்திலோ கணவன்மார்களுக்கான வகுப்பை அப்போதே வைக்க வேண்டும், மாலையில் மதுக்கடைக்குப் போகும் நேரத்துக்கு முன்பாக, மீனவப் பஞ்சாயத்தார் ஒப்புதலோடு. நடத்துபவர்கள் வெளியூர் நிபுணர்களாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ருவாண்டாவில் ஆண்களின் குழுக்களை நடத்தியவர்களும் அந்தந்த ஊர்த் தகப்பன்மார்களே. ஓராண்டு கழித்து, வகுப்போடு தொடர்பில்லாத ஒரு பெண், கிராம சுகாதாரச் செவிலியரோ அங்கன்வாடிப் பணியாளரோ, மனைவியைத் தனியாகச் சந்தித்துக் கேட்க வேண்டும். அந்தச் சந்திப்புக்கான சம்பளமும் பயணப்படியும் வகுப்பின் முதல் நாளே வரவுசெலவுத் திட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால், கடைசியில் கைக்குக் கிடைக்கும் எண் வருகைப் பதிவேட்டில் உள்ள கையெழுத்துகளின் எண்ணிக்கையாகவே இருக்கும்.